வால்வு வைத்த பெட்டி

கண்டக்டருக்கும் பஞ்சரக்காவுக்கும் கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் வந்த மிகப் பெரிய சண்டை, பஞ்சரக்காவுக்குத் தெரியாமலேயே பன்னிரண்டு நாள் நடந்தது.

அவள் பஞ்சர் கடை பேருந்துச் சாலையின் வளைவில் இருக்கிறது. வாசலில் லாரி டியூப்பையே முக்கி எடுக்கும் அளவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவர் முழுக்க ஆணியில் மாட்டிய டியூப்கள், மூலையில் ஒரு கம்ப்ரசர். அந்தக் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நின்று சொத்தை எழுதித் தருகிறேன் என்று சொன்னாலும் காதில் விழாது. கண்டக்டரின் பேருந்து அந்த வளைவை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடக்கும், காலை பதினொன்று பத்துக்கும் மாலை நாலு நாற்பதுக்கும். கடக்கும்போது பின்படியில் நின்றபடி ஒரு விசில் அடிப்பார். ஒரு குட்டை, ஒரு நெட்டை. பீப், பீஈஈப். அது வண்டியை நிறுத்தவும் அல்ல, கிளப்பவும் அல்ல என்பது டிரைவருக்குத் தெரியும். பதிலுக்கு அவள் கையில் இருப்பதைத் தூக்கிக் காட்டுவாள், அது ஸ்பானரோ, டீ டம்ளரோ எதுவானாலும். ஒருநாள் கையில் முழு டயர் இருந்தது. அதையும் தூக்கினாள். பேருந்தே கை தட்டியது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் விசிலுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. கண்டக்டருக்கு முகம் தொங்கிப்போனது. வீட்டில் பேச்சைக் குறைத்தார், குழம்பு கரித்தபோதும் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் காரத்தைக் குறைத்தாள். பொண்டாட்டி சாப்பாட்டிலும் கை வைக்கிறாள் என்று அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பதின்மூன்றாம் நாள் நாத்தனார் தலையிட்டாள். கண்டக்டரின் தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அதே வீட்டின் முன்னறையில் விடைத்தாள் மூட்டைகளோடு குடியிருப்பவள்.

"அண்ணே, எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கே? எடுத்து இறக்கி வை, பார்க்கச் சகிக்கல."

"உங்க அண்ணியைக் கேளு. தினம் ரெண்டு வாட்டி ஊதி ஊதி எனக்கு மூச்சு வாங்குது. மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல."

"எப்ப ஊதினீங்க?" என்றாள் பஞ்சரக்கா. உண்மையாகவே கேட்டாள்.

அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அவள் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றாள். நாத்தனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"சரி, ஊதச் சொல்லு," என்றாள் பஞ்சரக்கா.

பன்னிரண்டு நாள் கோபமும் கண்டக்டருக்கு அந்த ஒரு நொடியில் வடிந்துவிட்டது. விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, "குழம்பு நேத்து ரொம்ப நல்லா இருந்துச்சும்மா," என்றார்.

காது டாக்டரம்மா கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு வரைந்து காட்டினார். இடது பக்கம் ஒழுங்காக வந்த கோடு, வலது பக்கம் போனதும் படிக்கட்டில் தவறி விழுந்தவன் மாதிரி கீழே போனது. கம்ப்ரசரும் சுத்தியலும் சேர்ந்து செய்த வேலை. கீச்சுச் சத்தமெல்லாம் தேய்ந்துவிட்டது, கனத்த சத்தமெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றார். காதுக்கு ஒரு மெஷின் கொடுத்தார். வீட்டில் அதை மாட்டினால் பேச்சு புரிந்தது. கடையில் மாட்டினால் கம்ப்ரசர் மண்டைக்குள் குடிவந்தது. அதனால் கடையில் மெஷினைக் கழற்றிவிட்டு, இருக்கிற காதையாவது காப்பாற்ற ஒரு காதுமூடியை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு.

"அப்ப இப்பத்திப் பாட்டுல தப்பு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள் பஞ்சரக்கா. இரண்டு வருஷமாக ரேடியோவில் வந்த எல்லாப் பாட்டையும், சாரமே இல்லை, சக்கையைப் போட்டு மெல்லச் சொல்கிறார்கள் என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். பாவம், ஊரில் உள்ள பாட்டுக்காரர்கள் எல்லோரிடமும் மனசுக்குள் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டாள்.

பாட்டு போனதில் வருத்தம்தான். ஆனால் விசில் போனதைத்தான் அவளால் விட முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பதினொன்று பத்துக்கு ஸ்பானரைத் தூக்கிப் பார்த்தாள். பேருந்து தாமதமான நாட்களில் அந்த ஸ்பானர் சிமெண்டு லாரிக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் நல்ல மனிதர், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். பார்த்துத் திரும்புவது வேறு, கேட்டுத் திரும்புவது வேறு. இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தர் கூப்பிட்டு அவள் திரும்பியிருக்கிறாள். இப்போது கூப்பிடாமலே திரும்ப வேண்டியிருந்தது.

இப்படி இருக்கையில்தான் ஒரு கார் காற்றடிக்க வந்தது. டிக்கியில் ஏதோ ஒன்று தும்தும் என்று உறுமியது. அவள் ஏதோ சாதாரணமாகக் குந்தி வால்வில் குழாயைச் செருகினாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. பாட்டு அவள் முழங்கால் வழியாக ஏறி, இடுப்பைக் கடந்து, நெஞ்சுக்கு வந்துவிட்டது. முப்பது பவுண்டு காற்று கேட்ட டயருக்கு நாற்பத்திரண்டு ஏறியது.

"அக்கா! போதும்க்கா! வெடிச்சிரும்!"

"டிக்கியில என்ன தம்பி அது?"

"சப்வூஃபர்க்கா. கனத்த சத்தத்துக்குன்னே தனி ஸ்பீக்கர்."

"கனத்த சத்தமா?" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை டயர் பிடித்த கை. சாயங்காலம் வரைக்கும் கன்னத்தில் கரியோடு சிரித்துக்கொண்டே திரிந்தாள்.

அவர்களிடமும் ஒரு பழைய கார் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டு சவுண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டிக்கியின் ஒரு பக்கத்தில் ஸ்டெப்னி டயர் நின்றவாக்கில் உட்கார்ந்திருந்தது.

"ரெடிமேட் பெட்டி இதுக்குள்ள போகாதுக்கா. ஸ்டெப்னியைக் கழட்டி வீட்ல போட்டுருங்க."

பஞ்சரக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?"

"ஸ்டெப்னியை..."

"ஊர்ல இருக்கிற எல்லா வண்டிக்கும் ஸ்டெப்னி மாட்டி விடறவ நான். என் வண்டி நடுரோட்டுல ஸ்டெப்னி இல்லாம நிக்கணுமா? அதுவும் சவுண்டு போட்டு, ஊரையே வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுக்கிட்டா?"

"அப்ப நீங்களே பெட்டி செஞ்சுக்க வேண்டியதுதான்," என்றார் அவர், விளையாட்டாக.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து அங்குல ஸ்பீக்கரையும் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் ஸ்பீக்கரைப் பக்கத்துச் சீட்டில் வைத்து ஒரு கையால் தட்டிக்கொண்டே வந்தாள். கைக்குழந்தைக்குக்கூட அவ்வளவு தட்டு விழாது.

ஸ்பீக்கரோடு வந்த தாளில் காற்றுப் புகாத பெட்டி, உள்ளே இருபத்தெட்டு லிட்டர் இடம் என்று போட்டிருந்தது. நாத்தனார் விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டுச் செய்தித்தாளைத் தரையில் விரித்தாள். ஸ்டெப்னியின் வளைவுக்கு ஒரு பக்கம் சரிய வேண்டும், பின்சீட்டின் சாய்வுக்கு இன்னொரு பக்கம் சரிய வேண்டும், பலகையின் தடிமனைக் கழிக்க வேண்டும், ஸ்பீக்கரின் காந்தம் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கூட்ட வேண்டும். "பத்து வருஷமா பசங்க கேப்பாங்க, டீச்சர், இந்தக் கணக்கு எதுக்கு உதவும்னு. நாளைக்குப் போய்ச் சொல்றேன்!" என்று துள்ளினாள். கண்டக்டர் டிக்கிக்குள் படுத்துக்கொண்டு அளவு எடுத்தார். டேப் முனையைப் பிடித்துக்கொண்டு, பேருந்தைக் கிளப்பவும் நிறுத்தவும் சொல்வது மாதிரியே, அவர் "ரைட்" என்றால் நாத்தனார் எழுதுவாள், "ஹோல்டேன்" என்றால் அடித்து எழுதுவாள்.

தச்சர் பலகையை அறுத்துத் தந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த கனமான எம்டிஎஃப் பலகை, விரல் தடிமன். ஒட்டுவதற்குத் தன்னிடம் பஞ்சர் சொல்யூஷன் இருக்கிறது என்று பஞ்சரக்கா பெருமையாகச் சொன்னதும், தச்சர் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு டப்பா மரப்பசையைக் கொடுத்தனுப்பினார். கூடத்தில் வேலை நடந்தது. ஸ்பீக்கருக்கு வட்டம் அறுத்த தூள் பறந்து மூன்று பேருக்கும் புருவம் நரைத்தது. பத்தாம் வகுப்பு விடைத்தாள்களிலும் தூள் படிந்தது. இரண்டாம் நாள் பெட்டி நின்றது, ஒரு பக்கம் சரிந்து, ஒரு பக்கம் ஒடுங்கி, எங்கே பார்த்தாலும் கோணல். கணக்குப்படி சரியான கோணல்.

"இனி காத்து ஒழுகுதான்னு பார்த்துரணும்," என்றாள் பஞ்சரக்கா.

இந்த இடத்தில் உலகத்தில் வேறு எந்தப் பெட்டிக்காரரும் செய்திருக்காத ஒன்றை அவள் செய்தாள். ஸ்பீக்கர் ஓட்டையை ஒரு பலகையால் மூடி, அடியில் டியூப் ரப்பரை வைத்து முடுக்கினாள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அதில் அசல் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தினாள். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய், ஒரு மூச்சு அளவுக்குக் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் இறக்கினாள்.

பெட்டி முங்க மறுத்தது. கண்டக்டர் அழுத்திப் பார்த்தார். அது அவரையே தூக்கியது. கடைசியில் அவர் சீருடைப் பேன்ட்டோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். கீழ்மூலையில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது.

"சிக்கிச்சு! சிக்கிச்சு! அசையாதீங்க!" என்று கத்தினாள் பஞ்சரக்கா. பெட்டியை எடுத்தார்கள், சாக்பீஸால் வட்டம் போட்டாள், பசை வைத்தாள், பசை காய்ந்ததும் மறுபடி முக்கினாள். நாலு முறை முக்கினாள். ஒரு குமிழிகூட வராதபோது இரண்டு பேரும் தொட்டி ஓரத்தில் நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பெட்டி பாலில் போட்ட ரொட்டி மாதிரி இருந்தது. பலகையின் ஓரமெல்லாம் இரண்டு விரல் தடிமனுக்கு உப்பி, மூலைகள் வாயைப் பிளந்து, நாலு பக்கமும் நாலு திசைக்குப் போயிருந்தன. கோணல் இருந்தது, கணக்கு போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா சவுண்டு கடைக்காரர் பைக்குக்குப் பஞ்சர் ஆக வேண்டும்? வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பெட்டியைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். மூன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் சிரித்தார் பாருங்கள், பைக்கைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டார். "பஞ்சர் பார்த்தீங்களாக்கா! ஸ்பீக்கர் பெட்டிக்கு!" பஞ்சரக்காவுக்கு முதலில் சுள்ளென்று வந்தது. அப்புறம் அவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சிரித்து அடங்கிய பிறகு அவர் பைக்கில் பஞ்சர் ஒன்றில்லை, மூன்று என்று அவள் கணக்குச் சொன்னாள்.

வீட்டில் நாத்தனார் கேட்டாள், "இதுக்குத் தண்ணி எதுக்கு அண்ணி? காத்து ஒழுகினா உஸ்ஸுனு கேட்டுருமே."

பஞ்சரக்கா உப்பிப்போன மூலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "முன்னெல்லாம் எனக்கும் கேட்டுச்சு. டியூப்பைக் காதுகிட்ட வெச்சாலே எந்த இடம்னு சொல்லிருவேன். அந்த உஸ்ஸு எப்ப போச்சுன்னே தெரியல. எல்லாத்துக்கும் தண்ணியில முக்க ஆரம்பிச்சேன். ஏன் முக்கறேன்னு நானே யோசிச்சதில்ல." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தபடி ஆரம்பித்த பேச்சு அழுகையில் வந்து நின்றது.

கண்டக்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அதுக்கென்ன? எனக்குத்தான் கேக்குதே. என் காது சும்மாத்தானே இருக்கு. அறு இன்னொரு பெட்டி."

இரண்டாவது பெட்டிக்கு மின்விசிறியை நிறுத்தினார்கள், ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள், நாத்தனாரின் வாயையும் நிறுத்தினார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. வால்வு வழியாக ஒரு மூச்சுக் காற்று உள்ளே போனது. கண்டக்டர் நாலு காலில் தவழ்ந்து பெட்டியைச் சுற்றி வந்தார், காதை ஒவ்வொரு மூட்டிலும் ஒட்டினார், கண்ணை மூடிக்கொண்டார். திடீரென்று கையைத் தூக்கினார். பஞ்சரக்கா அங்கே ஓடிப்போய்க் குனிந்தாள். காது போனால் என்ன, அவளுக்கு உதடு இருந்தது. கீழுதட்டை ஈரமாக்கி மூட்டின் ஓரமாகக் கொண்டுபோனாள். ஒரு இடத்தில் உதடு ஜில்லென்றது. "இங்க!" அவர் காது காட்டிய ஒரு சாண் நீளத்தில் அவள் உதடு ஊசிமுனை இடத்தைக் கண்டுபிடித்தது. இப்படி மூன்று இடம். கடைசிச் சுற்றில் இரண்டு பேரும் எதிரெதிராகத் தவழ்ந்து வந்து மூலையில் தலை முட்டிக்கொண்டார்கள்.

"பள்ளிக்கூடம் போற பொண்ணு இருக்கிற வீடு இது," என்றாள் நாற்பது வயது நாத்தனார்.

பெட்டி டிக்கியில் ஸ்டெப்னியை அணைத்தபடி கச்சிதமாக உட்கார்ந்தது. பேட்டரியிலிருந்து தனி வயர், நடுவில் ஃபியூஸ். பஞ்சரக்கா காது மெஷினை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். சத்தம் ஜாஸ்தி கூடாது என்ற டாக்டரம்மா உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கண்டக்டர் பொத்தானை அரைக்கால் திருகு திருகினார். பாட்டு ஆரம்பித்தது. மெஷின் மேலே இருந்து கொஞ்சம் கொடுத்தது, பெட்டி கீழே இருந்து நிறையக் கொடுத்தது, இரண்டும் அவளுக்குள் வந்து சேர்ந்தன. இரண்டு வருஷமாகச் சக்கை என்று அவள் திட்டிய பாட்டுதான் அது. அதில் இவ்வளவு சாறா! அவள் முன்சீட்டை அடித்தாள், கூரையை அடித்தாள், நாத்தனாரின் முதுகை அடித்தாள். நம்பர் பிளேட் சேர்ந்து தாளம் போட்டது. இறங்கி ஓடிப்போய் ஒரு துண்டு டியூப் ரப்பரை அதன் பின்னால் செருகிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள். அடுத்த பாட்டுக்கு மூன்று பேரும் ஆடினார்கள். காரும் ஆடியது. எதிர்வீட்டு நாய் இந்தத் தடவை குரைக்காமல் வந்து உட்கார்ந்து பார்த்தது.

சவுண்டு கடைக்காரர் வந்து ஸ்பீக்கரை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விட்டுப் பார்த்தார். அது அவசரப்படாமல் திரும்பி வந்தது. "ஒரு சொட்டு ஒழுகல," என்று ஒத்துக்கொண்டார். "ஆனா வால்வை ஏன்க்கா எடுக்கல?"

"காத்து கம்மியானா அடிச்சுக்கலாம்ல," என்றாள் அவள், முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

அன்றைக்குக் கண்டக்டர் கேட்டார், "இப்ப எல்லாம் திரும்ப வந்திருச்சில்ல?"

"எல்லாம் வந்திருச்சு." காது மெஷினைத் தொட்டுக்கொண்டு, "உங்க விசிலைத் தவிர," என்றாள். மனசில் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. உடனே, "அது கெடக்கு விடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்டக்டர் தங்கையைப் பார்த்தார். தங்கை டாக்டரம்மாவின் கட்டம் போட்ட தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து, "அண்ணே, மொட்டைமாடிக்கு வா. விசிலைக் கொண்டா," என்றாள்.

அடுத்த வாரம் ஒருநாள் கண்டக்டருக்கு விடுமுறை. அன்று பேருந்தில் வேறு ஆள். பஞ்சரக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. சிமெண்டு லாரியின் பின்டயரைக் கழற்றி, டியூப்பை உருவிக் கையில் வைத்திருந்தாள். காதில் காதுமூடி, மூலையில் கம்ப்ரசர் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

தும். தூஉஉம்.

ஒரு குட்டை, ஒரு நெட்டை. உள்ளங்காலில் ஆரம்பித்து, நெஞ்சில் வந்து நின்று, காதிலும் விழுந்தது. அது என்னவென்று அவள் யோசிக்கவே இல்லை. கை அதுவாகவே உயர்ந்தது. முழு லாரி டியூப்பையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் திரும்பினாள். வளைவில் கார் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே, ஓட்டிக்கொண்டு வந்த கண்டக்டரின் தலையும் ஒரு தோளும் வெளியே இருந்தன. பின்சீட்டில் நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் விசிலை அப்படியே போனில் பதிந்து, அதன் கீச்சையெல்லாம் எடுத்து, அண்ணியின் காது இருக்கிற படி வரைக்கும் அதைக் கீழே இறக்கி, டிக்கிப் பெட்டியில் ஒலிக்க விட்டிருந்தாள். பழக்கதோஷத்தில் லாரிக்காரரும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

கார் கடை முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அவள் காதுமூடியைத் தூக்கினார். "கேட்டுச்சா?"

பஞ்சரக்கா டியூப்பை இன்னும் இறக்கவில்லை. கண்ணீர் கன்னத்துக் கரியில் இரண்டு வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடியது, வாய் காது வரைக்கும் சிரித்தது.

"என்னங்க, உங்க விசிலுக்கு ஜலதோஷமா? தொண்டை இப்படிக் கட்டியிருக்கு!"